வேலை செய்யாத வண்ண வடிகட்டி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. குமட்டல் வேறு. சும்மா உட்கார்ந்திருந்தால் வாந்தி நினைப்பாகவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன்.

கழுத்துக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மே மாதம் ஊசி வைத்து எடுத்துப் பரிசோதித்து, காசநோய் என்றார்கள். அது நுரையீரலில்தானே வரும் என்று கேட்டேன். நெறிக்கட்டியிலும் வருமாம். "இது யாருக்கும் ஒட்டாதும்மா, ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா போயிரும்" என்றார் டாக்டர். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் தாமோதரனும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். தாமோதரன் தலையாட்டினார். அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறார். படுக்கையறையில் புழுக்கம். வியர்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

இணையதளம் வடிவமைக்கிற எங்கள் ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். ஏசி குளிர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் டீம் லீடர் ஆல்வின் இன்று ஒரு வேலை கொடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பிரவுசரோடு ஒட்டி வேலை செய்கிற சின்னக் கருவிகளில், அதாவது எக்ஸ்டென்ஷன்களில், என்னென்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதித் தர வேண்டும்.

"உங்க பிரவுசர் மேலதான் பொம்மைக் கொலு மாதிரி வரிசையா இருக்கு. நீங்களே எழுதிருங்க சுகந்தி."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் ஓடியது. பக்கத்தின் மேல் அளவுகோல் வைத்து அளக்கிற ஒன்று. எழுத்துருவின் பெயர் சொல்கிற ஒன்று. படிவங்களில் பொய்ப் பெயரும் பொய் முகவரியும் தானே நிரப்பித் தருகிற ஒன்று. அது இல்லாத காலத்தில் நாளெல்லாம் நானே நிரப்பிக் கை கடுத்திருக்கிறது. பிறகு, சொட்டுக் குழாய் படம் போட்ட நிறம்பிடிப்பான். திரையில் எந்த இடத்தில் வைத்தாலும் அந்த நிறத்தின் எண்ணைச் சொல்லும். "இது அவ்வளவாகத் தேவைப்படாது. கண்ணே போதும்" என்று பக்கத்தில் எழுதினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாத்திரை. வேலை. சோறு. தூக்கம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாத்திரை வாங்க சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே காசநோய் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சரோஜினி அக்கா எடை பார்த்தார். ஏறியிருக்கிறது.

"மருந்துனால சிறுநீர் ஆரஞ்சாத்தான போகுது? பயந்துக்காதீங்க. கண்ணு மங்குச்சுன்னா மட்டும் உடனே வந்துருங்க."

மங்கவில்லை. எல்லா எழுத்தும் தெரிகிறது. அதைத்தான் சொன்னேன். உண்மையில் இப்போதெல்லாம் ஆரஞ்சாகவும் போவதில்லை, மஞ்சளாகத்தான் போகிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது போல.

செப்டம்பர் 3, புதன்

புதிய புராஜெக்ட். நீரூற்று என்று ஒரு டயாலிசிஸ் மையம், மூன்று ஊர்களில் கிளைகள். நோயாளிகள் வீட்டிலிருந்தே தங்கள் படுக்கையைப் பதிவு செய்துகொள்ள இணையதளம். காலியாக இருக்கும் படுக்கை பச்சை, எடுத்தாகிவிட்டது சிவப்பு. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரித்தாக வேண்டிய மனிதர்கள். தவறான படுக்கையைத் தட்டிவிட்டுக் கிளம்பி வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்த மையத்தின் மேலாளர் சௌந்தர்ராஜன், பச்சை கண்ணைக் குத்துகிறது, கொஞ்சம் மென்மையாக்குங்கள் என்றார். சரி செய்து அனுப்பினேன்.

வரும் வழியில் தக்காளி வாங்கினேன். தாமோதரன் பையைக் கொட்டிப் பார்த்து, "எல்லாம் காயா வாங்கியிருக்க" என்றார். கடையில் விளக்கு சரியில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சௌந்தர்ராஜன் வீடியோ அழைப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மேடம், பச்சை கேட்டா துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒண்ணு குடுத்திருக்கீங்க. எங்க ஆளுங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

ஆல்வின் என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் நிறத்தைப் பற்றி என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. பெயின்ட் கடைக்குப் போகிறவர்கள்கூட என்னிடம் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள்.

நிறம்பிடிப்பானை வைத்துப் பார்த்தேன். எண் பச்சையின் எண்ணாக இல்லை. அவசரத்தில் எங்கோ கை தவறியிருக்க வேண்டும். இனி எண்ணைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

எண்ணைப் பார்த்தே எல்லாம் போடுகிறேன். ஒரு பட்டனுக்கு மூன்று முறை நிறம்பிடிப்பானைத் திறக்கிறேன். வேலை நீள்கிறது. களைப்பு. மத்தியானம் மேஜையில் தலை வைத்தேன். எழுந்தபோது ரிஸ்வானா பக்கத்தில் டீ வைத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கள் டெஸ்டர் அவள். நான் செய்வதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அதைக் கோபம் வராத மாதிரி செய்வாள்.

செப்டம்பர் 15, திங்கள்

நிறக்குருடு உள்ளவர்களுக்கும் தளம் புரிய வேண்டும், சோதித்துப் பாருங்கள் என்று ஆல்வின் சொன்னார். அதற்கும் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. வண்ண வடிகட்டி. சிவப்பு பச்சை தெரியாத ஒருவருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரியுமோ அப்படி மாற்றிக் காட்டும். நிறைய பேர் பாராட்டி எழுதியிருந்ததைப் பார்த்து நிறுவினேன்.

தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். பக்கம் அப்படியே இருக்கிறது. பிரவுசரை மூடித் திறந்தேன். வேறு பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

ரிஸ்வானாவைக் கூப்பிட்டேன்.

"மாறுதே அக்கா. பச்சையெல்லாம் காக்கி ஆகுது பாருங்க."

"என் மானிட்டர்ல ஆகலையே."

"உங்க மானிட்டரத்தான் அக்கா பாக்கறேன்."

குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போன் வந்தது என்று எழுந்து வெளியே போய்விட்டேன். போன் வரவில்லை.

திரும்பி வந்து எக்ஸ்டென்ஷன் எழுதியவருக்குப் புகார் பதிவு செய்தேன். "சிவப்பு பச்சை வடிகட்டி வேலை செய்யவில்லை." ரிஸ்வானாவின் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுதியவர் பெயர் மரேக். எந்த ஊர்க்காரரோ. பணம் வாங்காமல் செய்கிறவர்கள் பதில் போட மாதமாகும். இவர் ஒரே நாளில் போட்டிருக்கிறார். தன்னிடம் சரியாக ஓடுகிறதாம், வடிகட்டி போட்டு ஒரு படமும் போடாமல் ஒரு படமும் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அனுப்பும்போது, இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

மரேக்கின் பதில். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எத்தனை முறை படித்தேனோ தெரியவில்லை, அப்படியே சொல்ல முடியும்.

"சுகந்தி, உங்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வடிகட்டி வேலை செய்கிறது. முதல் படத்தில் பச்சைக் கட்டங்களும் சிவப்புக் கட்டங்களும் இருக்கின்றன. இரண்டாவதில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மண் நிறம். உங்களுக்கு இரண்டும் ஒன்று போலவா தெரிகிறது? பிறவியிலிருந்தே அப்படி என்றால் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும், நான் கேட்டதை மன்னித்துவிடுங்கள். புதிதாக வந்தது என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்."

அந்தப் புகார்ப் பக்கம் எல்லாரும் படிக்கிற இடம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கோபம்தான் வந்தது. ஒரு புகாருக்குப் பதில் சொல்லத் தெரியாதவர் என் கண்ணைப் பற்றிப் பேசுகிறார்.

சரோஜினி அக்கா சொன்னது மங்கல். இது மங்கல் இல்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

சாயங்காலம் தாமோதரன் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் லேப்டாப்பைத் திறந்து இரண்டு படங்களையும் வைத்தேன்.

"இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க."

அவர் சமையலறை வாசலில் நின்றபடியே பார்த்தார். "என்ன இது, கட்டம் கட்டமா."

"கிட்ட வந்து பாருங்க."

வரவில்லை. நான் நாற்காலியைத் தள்ளி எழுந்து சுவரோரம் போய் நின்றேன். அப்புறம் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல பச்சையும் சிவப்பும். இதுல எல்லாமே சாணி கலர். எதுக்குக் கேக்கற?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுங்க."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். அலமாரியைத் திறந்து என் புடவை ஒன்றை எடுத்தார். "இது என்ன கலரு?"

"அரக்கு."

"சுகந்தி, இது பச்சை. நம்ம கல்யாண நாளைக்கு எடுத்தது."

புடவையைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எத்தனை நாளுக்குப் பிறகு என்று நான் எண்ணவில்லை. நாளைக்கு லீவு போடுகிறேன் என்றார். நான் ஆல்வினுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டதால் மத்தியானம் வரை எதையும் படிக்க முடியவில்லை. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

டாக்டர் எழிலரசி முதலில் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரிக்கு முந்தியதில் தடுமாறினேன். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கமெல்லாம் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்குமாம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அதற்கப்புறம் வெறும் புள்ளி. புள்ளி. புள்ளி. அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார்.

"என்ன மருந்து சாப்பிடறீங்க?"

சொன்னேன்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "அதுல எத்தாம்புட்டால்னு ஒண்ணு இருக்கு. சில பேருக்கு கண் நரம்பைத் தாக்கும். முதல்ல சிவப்பு பச்சைதான் போகும். எழுத்து தெரியறதால பலருக்கு விளங்காது. எப்ப இருந்து இப்படி?"

"தெரியலைங்க டாக்டர்."

"யோசிச்சு சொல்லுங்க."

தக்காளி. துருப்பிடித்த பச்சை. ஆரஞ்சாகப் போவதில்லை என்று நினைத்தது. "ஒரு மாசம் இருக்கும்" என்றேன்.

"சரியாயிருமா?" இதைக் கேட்டது தாமோதரன்.

"அந்த மருந்தை இன்னிக்கே நிறுத்தணும். மத்ததை நிறுத்தக் கூடாது, காசநோய் டாக்டர் மாத்தித் தருவார், நான் எழுதித் தரேன். நிறைய பேருக்கு மெல்ல மெல்ல வரும். சில பேருக்குக் கொஞ்சம் குறை நிக்கும். இன்னும் ரெண்டு மாசம் இதே மாத்திரையை விழுங்கியிருந்தா எழுத்தும் போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எக்ஸ்டென்ஷன் கதையைச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம் என்றார்.

சுகாதார நிலையத்துக்கு நேராகப் போனோம். சரோஜினி அக்கா என்னைத் திட்டவில்லை. "கலர் மாறுனாலும் சொல்லுங்கன்னு நான் சொல்லியிருக்கோணும்" என்றார். அவர்மேல் தப்பில்லை என்று சொல்ல நினைத்தேன். அசதியில், மாற்றித் தந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆல்வினிடம் சொல்லிவிட்டேன். மீட்டிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும். கட்டி, மாத்திரை, கண். துப்பட்டாவை விலக்கிக் காட்டினேன்.

அவர் முதலில் கேட்டது, "ஒட்டுமா?"

"ஒட்டாது."

"சாரி. கேட்டிருக்கக் கூடாது."

"எல்லாரும் அதான் கேப்பாங்க."

நிறம் சம்பந்தப்பட்ட எதையும் இனி ரிஸ்வானாவோடு சேர்ந்து செய்யுங்கள் என்றார். அதுவரை சரி. எழுந்து போகும்போது, "ஒரு வகைல நல்லதுதான் சுகந்தி, நமக்கு உண்மையான டெஸ்டரே கெடச்ச மாதிரி" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். யாருக்கும் இப்படி உபயோகப்பட எனக்கு ஆசையில்லை. எனக்கு என் பச்சை வேண்டும்.

ரிஸ்வானாவிடம் சொன்னபோது, "தெரியும் அக்கா" என்றாள். "அன்னிக்கே கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க போனை எடுத்துட்டுப் போனீங்க. சரி, வந்து சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்."

செப்டம்பர் 25, வியாழன்

டயாலிசிஸ் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தோம். படுக்கைகள் எனக்கு ஒரே மாதிரிக் கட்டங்கள். எது காலி, எது இல்லை, தெரியவில்லை. வடிகட்டியே தேவையில்லை.

"நீங்க ஒரு நோயாளின்னு வச்சுக்குங்க அக்கா. புதன்கிழமை காலைல படுக்கை வேணும். தட்டுங்க."

தட்டினேன். எடுத்தாகிவிட்டது என்று வந்தது. இன்னொன்றைத் தட்டினேன். அதுவும். மூன்றாவதைத் தட்டும்போது எரிச்சல் தாங்கவில்லை. ஊசி போட்டுப் போட்டுக் கை வீங்கின மனிதர்கள் இதைச் செய்யப் போகிறார்கள். இதை எழுதினது நான்தான். நிறம் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது.

ஒவ்வொரு கட்டத்திலும் "காலி" என்றும் "நிறைந்தது" என்றும் எழுத்தில் போட்டோம். நிறைந்ததற்குக் குறுக்குக் கோடு. காலியாக இருப்பதற்குத் தடித்த விளிம்பு. நிறத்தை எடுக்கவில்லை, ஆனால் நிறத்தை நம்பி எதையும் விடவில்லை. சௌந்தர்ராஜன் பார்த்துவிட்டு, "எங்க அம்மா கூட கண்ணாடி இல்லாம தட்டிட்டாங்க" என்றார். துருப்பிடித்த தகரம் பற்றிப் பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மரேக்குக்கு எழுதினேன். வடிகட்டி சரியாக வேலை செய்கிறது, கோளாறு என் பக்கம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. புகாரை நானே மூடினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆபீஸில் ஆயுத பூஜை. எல்லா மானிட்டருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு. பொரி, கடலை. குங்குமம் எனக்குக் காய்ந்த மண் மாதிரி இருந்தது. வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தாமோதரன்தான் தினமும் வந்து கூட்டிப்போகிறார். இன்று வழியில் டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்ததும் டம்ளரைத் தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க பெரியப்பா இதுலதான் போனாரு. தோட்டத்துச் சாளைல, ஓலைக் குடிசைதான், தனியா வச்சிருந்தாங்க. நான்தான் சோறு கொண்டு போவேன். தூரமா வச்சிட்டு ஓடி வந்துருவேன். அவரு கூப்புடுவாரு. திரும்பிப் பாக்க மாட்டேன்."

நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"உனக்கு வந்தது ஒட்டாதுன்னு தெரியும். டாக்டர் சொன்னதும் வெளங்குச்சு. ஆனா ராத்திரி படுத்தா அவரு கூப்புடற மாதிரியே இருக்கும். உன்கிட்ட எப்படிச் சொல்றது."

பரவாயில்லைங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரவாயில்லை என்று எனக்கு இல்லை. நாலு மாதத்துக்கு மேல் தனியாகப் படுத்துக் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றேன். என் டம்ளரில் பாதி மிச்சமிருந்தது. அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டார். அவருடைய டீ அவர் முன்னால் அப்படியே இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

தாமோதரன் உள்ளே வந்து படுத்தார். புழுக்கம்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மத்தாப்பு எல்லாம் எனக்கு வெள்ளையும் மஞ்சளும்தான். சத்தம் நன்றாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஆறு மாதம் முடிந்தது. சரோஜினி அக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பொட்டு அளவுக்கு ஒரு தடிப்பு மட்டும் நிற்கிறது, அது வடுதான் என்று டாக்டர் சொன்னார். இனி மாத்திரை இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்கினேன்.

கண்ணில் மாற்றமில்லை. அல்லது இருக்கிறதா என்று தெரியவில்லை. வேப்ப மரத்தைத் தினமும் பார்க்கிறேன். இலை கொஞ்சம் பச்சையாகத் தெரிகிற மாதிரி இருக்கும். அது கண்ணா, நினைப்பா என்று சொல்ல முடியாது. இலை பச்சை என்று எனக்குத்தான் தெரியுமே.

டிசம்பர் 17, புதன்

கண் ஆஸ்பத்திரி. தாமோதரனும் வந்தார். அவருக்கு என் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

எழுத்துப் பலகை கடைசி வரி வரை படித்தேன். டாக்டர் எழிலரசி அந்தப் புள்ளிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கம் பன்னிரண்டு. இரண்டாம் பக்கம் வெறும் புள்ளி. மூன்றாவதும் அப்படியே. அவர் அடுத்ததைத் திருப்பினார். சரியா தப்பா என்று அவர் முகத்தில் எதுவும் தெரியாது, அவர்கள் அப்படித்தான் பழகியிருப்பார்கள்.

நாலாவது பக்கத்தில் ஏதோ இருந்தது. புள்ளிகளுக்குள் ஒரு வளைவு. பார்த்தால் போகிறது, பார்க்காவிட்டால் வருகிறது. கண்ணை இடுக்கினேன். ஐந்தா, ஆறா. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தப்பாகச் சொல்லி ஏமாறுவதைவிட அது மேல்.

"அவசரமில்லை" என்றார் டாக்டர்.

"ஆறு" என்றேன். "ஆறு மாதிரி இருக்குங்க."

அவர் விரல் பக்கத்தின் ஓரத்திலேயே நின்றது. திருப்பவில்லை.

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. தாமோதரனுக்கும் அந்தப் பக்கத்தில் இருந்த எண் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் விட்டது என் கழுத்தில் பட்டது.